சிணுங்கியும் ஒரு கிறிஸ்துமஸ் ஏலமும்

அவள் பெயர் ரோசி. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் இறக்கும் மீனை ஏலம் கூறுவது அவள் தொழில். தேநீரில் இஞ்சி இல்லாவிடில் அவள் குடிக்கமாட்டாள். ஏலம் முடியும்வரை உட்காரமாட்டாள். ஒருமுறை சொன்ன விலையை மறுமுறை சொல்லமாட்டாள். "ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்று அவள் குரல் ஏறும்போது வியாபாரிகளின் கண்கள் கூடையை விட்டு அவள் வாய்க்குத் தாவிவிடும். மூன்றாம் தரத்தைச் சொல்லி, அதனுடன் வாங்கியவர் பெயரையும் சொல்லிவிட்டாளானால் அந்தக் கூடை அவருடையது. அதன்பின் எவ்வளவு பெரிய ஏற்றுமதியாளர் வந்து நின்றாலும் அதில் கை வைக்க இயலாது. இவ்வழக்கம் காசிமேட்டில் நடை பழகும் குழந்தைகளுக்கும் தெரியும்.

இக்குரலுக்கு வேறொரு வேலையும் வாய்த்திருந்தது. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குப் பின்புறம் உள்ள பழைய கிடங்கு ஒன்றில் 'டோல்கேட் குடும்பம்' என்னும் நகைச்சுவைக் கார்ட்டூன் தொடர் தயாராகிவந்தது. அதை எழுதி இயக்கிய டில்லிபாபு, வஞ்சிரம் வாங்கவென்று ஒருநாள் காசிமேட்டுக்குப் போனவன், மீனை மறந்து ரோசியின் குரலையே கேட்டுக்கொண்டு நின்றான். தொடரில் வரும் பேபி என்ற சிறுமிக்கு அன்றுமுதல் ரோசியே குரல் கொடுத்துவந்தாள். சந்தையில் லாரியிலிருந்து கம்பி இறக்கப்படும்போதெல்லாம் ஒலிப்பதிவு நிற்கும். கம்பி அடங்கியதும் பேபி மறுபடி பேசத் தொடங்குவாள். வடசென்னைப் பேச்சை அப்படியே பேசிய அக்கார்ட்டூன் சிறுமியை எண்ணூர் முதல் இராயபுரம் வரை தங்கள் வீட்டுப் பெண்ணாகவே மக்கள் கருதினர்.

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கென ஒரு சிறப்புப் பகுதி ஒளிபரப்பாகும். இவ்வாண்டு டில்லிபாபு பொம்மை வியாபாரத்தைக் கேலி செய்ய முடிவு செய்தான். அவன் எழுதிய கதையில் சிணுங்கி என்றொரு பொம்மை வந்தது. அது தனியாக இராது. அதற்கு விம்மி என்னும் அக்காள் பொம்மையையும் வாங்கித் தரவேண்டும். தராவிட்டால் சிணுங்கிக்கொண்டே இருக்கும். பேபி அதன் தொல்லையைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இறுதியில் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து, "எனுக்கு வேணாம், நீயே வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு வருவாள். கதை அவ்வளவுதான்.

சிணுங்கிக்கும் ரோசியே குரல் கொடுத்தாள்.

"அக்கா, இது கெஞ்சக்கூடாது," என்றான் டில்லிபாபு. "கெஞ்சிகினே மெரட்டணும். ஷைனியாண்ட நீ பேசுவே பாரு, அந்த மாதிரி பாசமா. ஆனா உள்ள ஒரு பயம் இர்க்கணும்."

ஷைனி ரோசியின் ஒரே மகள். மூன்றாம் வகுப்பு மாணவி. ரோசி சற்றே யோசித்தாள். பிறகு தன் மகளைக் கொஞ்சும் குரலிலேயே, "கண்ணு, என்னிய கீய வெச்சிட்டியா? ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். டில்லிபாபு மேசையைத் தட்டிச் சிரித்தான். அச்சிரிப்பும் பதிவில் விழுந்துவிட்டதால் அவ்வரியை மறுபடியும் பதிவு செய்தார்கள்.

தொடருக்கு விளம்பர ஆதரவு தந்துவந்தது 'பிஞ்சுலகம்' என்னும் விளையாட்டுப்பொருள் நிறுவனம். ஒளிபரப்புக்கு முன்பாக எந்தப் பகுதியையும் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டுவது அந்நிறுவனத்தின் விதி. திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அச்சோதனை நடந்தது. பேபி பொம்மையைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் பெற்றோர் கைதட்டினர். குழந்தைகள் கைதட்டவில்லை. விளக்குப் போட்டதும் அவர்கள் அனைவரும் கேட்ட கேள்வி ஒன்றே: சிணுங்கி எந்தக் கடையில் கிடைக்கும்?

மறுவாரம் நிறுவனத்தார் கிடங்குக்கு வந்தனர். அவர்களுக்கு முன்னதாக ஒரு வேனில் அவர்களுடைய நாற்காலிகள் வந்தன. முழங்கால் உயரமேயுள்ள மழலையர் பள்ளி நாற்காலிகள் அவை. குழந்தையின் கண்மட்டத்திலிருந்தே உலகைக் காணவேண்டும் என்பது நிறுவனத்தின் கொள்கையாதலால், அதிகாரிகள் எங்குச் சென்றாலும் அவற்றிலேயே அமர்வர். கூட்டம் தொடங்குமுன் அனைவரும் கன்னத்தில் கைவைத்துக் கண்மூடிச் சற்றுநேரம் குழந்தையாக இருத்தலும் விதி. மகிழ்ச்சிப் பிரிவின் துணைத்தலைவர் பாஸ்கர் நன்கு வளர்ந்த உடலினர். அவர் குழந்தையாக இருந்து முடித்து எழும்போது நாற்காலியும் உடன் எழுந்தது. உதவியாளர் ஒருவர் அதைப் பிடித்திழுத்து மீட்டார். எவரும் சிரிக்கவில்லை.

"எங்களைக் கேலி பண்ணியிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்," என்று பாஸ்கர் தொடங்கினார். "எங்க கம்பெனி கேலிக்கு எதிரி கிடையாது. கேலியைப் பார்த்தா அப்பா அம்மா சிரிப்பாங்க. சிரிக்கிற நேரத்துல அவங்க உஷாரா இருக்கமாட்டாங்க. அப்போ பார்த்து குழந்தை கேட்டுடும். அதனால, சிணுங்கியை நிஜமாவே பண்ணப்போறோம்."

"சார், அது கிண்டலுக்கு எழுதனது," என்றான் டில்லிபாபு.

"தெரியும் தம்பி. அதைத்தான் விக்கப்போறோம்."

அவருக்கு அருகில் ஏக்கத்துறையின் தலைவி கார்குழலி அமர்ந்திருந்தார். குழந்தைகளின் ஏக்கத்தை ஆராய்வதற்கென்றே அந்நிறுவனம் அத்துறையை வைத்திருந்தது. அவர் ரோசியை நோக்கி மிகுந்த மரியாதையுடன் பேசினார்.

"அந்த ரெண்டு தரத்துல நிறுத்தினீங்க பாருங்க மேடம், அது பெரிய விஷயம். நாங்க எத்தனையோ வருஷமா தேடிட்டிருந்தது அதுதான். அழுகையை நாங்க விரும்பறதில்ல. அழுகை அழுது முடிஞ்சுடும். ஏக்கம் முடியாது."

ரோசிக்கு இது பாராட்டா என்பது விளங்கவில்லை. ஆயினும் தலையசைத்தாள்.

சில மாதங்களில் பொம்மைகள் கப்பலில் வந்து சேர்ந்தன. ரோசியின் கணவன் அருள்பிரகாசம் டிரெய்லர் லாரி ஓட்டுபவன். சிணுங்கிகள் நிறைந்த கன்டெய்னர்களுள் ஒன்று அவன் லாரியிலேயே ஏறியது தற்செயல். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகளின் வரிசை வழக்கம்போல் நகராதிருந்தது. சற்றே நகர்ந்தபோது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கிற்று. அக்குலுக்கலில் பெட்டிகளுக்குள் இருந்த பொம்மைகள் விழித்துக்கொண்டன. அவன் ரோசிக்குத் தொலைபேசியில் பேசினான்.

"அடியே, வூட்லதான் உன் குரலுன்னு பார்த்தா, பின்னால கன்டெய்னர் ஃபுல்லா நீயே கீற. அல்லாம் சேந்துகினு 'ஒரு தரம், ரெண்டு தரம்'ங்குது. பக்கத்து வண்டிக்காரன் கீய எறங்கி, 'இன்னா மாமு, மீனா ஏத்திகினு போற, எவ்ளோக்கு வுடற'ன்றான்."

"நீ இன்னா சொன்னே?"

"இன்னாத்த சொல்றது? எம்பொண்டாட்டின்னேன். அவன் கன்டெய்னர ஒரு தபா பார்த்துட்டு, பேசாம ஏறிப் போய்ட்டான்."

இருவரும் சிரித்தனர். அவ்வீட்டில் சிணுங்கியைப் பற்றிச் சிரித்தது அதுவே கடைசி.

விற்பனைக்கு முன்பாக 'வாழ்நிலைச் சோதனை' என்னும் சடங்கு ஒன்று இருந்தது. குரல் பிறந்த மண்ணிலேயே பொம்மை வாழ்ந்து பார்க்கவேண்டும் என்று கூறி, ரோசியின் தெருவில் குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு சிணுங்கியை இலவசமாக வழங்கினர். தெருவே மகிழ்ந்தது. ரோசியை வழியில் நிறுத்தி, பெரிய ஆளாகிவிட்டாய் என்று கூறினர். விம்மியை மட்டும் எவருக்கும் கொடுக்கவில்லை. அது கடைக்கு வரும் என்றார்கள்.

சிணுங்கியின் இயல்பு பின்வருமாறு. கையில் இருக்கும்வரை அது பேசாது. கீழே வைத்தால், "கண்ணு, என்னிய கீய வெச்சிட்டியா?" என்று கேட்கும். மேலும் சிறிது நேரம் எடுக்காவிட்டால் "ஒரு தரம்" என்னும். பிறகு "ரெண்டு தரம்" என்னும். அதற்குமேல் ஒன்றும் சொல்லாது. வேறெந்த ஊரிலும் இது ஒரு பொம்மையின் விளையாட்டுப் பேச்சாகவே கருதப்பட்டிருக்கும். காசிமேட்டுக் குழந்தைகளோ ஏலத்தைக் கண்டு வளர்ந்தவர்கள். மூன்றாம் தரம் விழுந்தால் பொருள் வேறொருவருக்குப் போய்விடும். அழுதாலும் திரும்பி வாராது. ஆகவே அவர்கள் சிணுங்கியைக் கீழே வைக்கவே இல்லை.

ஷைனி ஒரு கையால் உண்டாள். ஒரு கையால் முகம் கழுவினாள். அரையாண்டுத் தேர்வுக்குப் பொம்மையைக் கொண்டுவரலாகாது என்று பள்ளியில் கூறியதால், தேர்வுக்கே செல்லமாட்டேன் என்று கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள். தேவாலயத்தின் கேரல் குழுவில் அவள் பாடவேண்டிய பாட்டு ஒன்று இருந்தது, ஒத்திகைக்கும் போகவில்லை. தெருவில் மாலைநேரத்து இரைச்சல் இல்லை. குழந்தைகள் தத்தம் வீட்டு வாசலில், மார்போடு அணைத்த பொம்மையுடன், ஒருவரையொருவர் ஐயத்துடன் பார்த்தவண்ணம் அமர்ந்திருந்தனர். மூன்றாம் தரத்தில் தன் பொம்மை எதிர்வீட்டுக்குத்தான் போகும் என்று ஒவ்வொரு குழந்தையும் நம்பிற்று.

"ஷைனி, சோறு துன்ன வா," என்று ஒரு பகல் ரோசி சமையலறையிலிருந்து அழைத்தாள்.

எட்டிப் பார்த்தாள். ஷைனி பொம்மையின் வாயைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னியத்தான் கண்ணு."

"இது நீயா, அதுவா?" என்று கேட்டாள் ஷைனி, தலை நிமிராமல்.

ரோசி அருகில் சென்று அமர்ந்தாள். "நான்தாண்டி. அம்மா சொல்றேன்ல, அத்த கொஞ்சம் கீய வை. ஒண்ணும் ஆவாது."

ஷைனி தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொம்மையைப் பாயில் வைத்தாள். விரல்களை மட்டும் அருகிலேயே வைத்திருந்தாள்.

"கண்ணு, என்னிய கீய வெச்சிட்டியா?" என்றது பொம்மை. தாயின் குரல், தாயின் கொஞ்சல். "ஒரு தரம்."

"ஒண்ணும் ஆவாதுடி, பாரு…"

"ரெண்டு தரம்."

ஷைனி வெடுக்கென்று அதை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "நீ பொய் சொல்றே. ரெண்டு பேரும் நீதான். ஒண்ணு வைன்ற, ஒண்ணு எட்தினு பூடுவேன்ற. மூணாந்தரம் எப்போமா சொல்லுவே? அத்த மட்டும் முன்னாடியே சொல்லிட்றியா?"

பேசினால் அக்குரலே வரும் என்று ரோசிக்கே அச்சமாக இருந்தது.

மாலையில் அருள்பிரகாசம் பொம்மையின் முதுகைத் திறந்து பேட்டரியைக் கழற்ற முனைந்தான். ஷைனி பக்கத்தில் நின்று அதன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திருகாணியில் கருவியை வைத்து அழுத்தியதும், "வலிக்குது, வுடு," என்றது பொம்மை. கல் தடுக்கி விழுந்த பேபியைத் தூக்கும் காட்சிக்காக ரோசி என்றோ பேசிக் கொடுத்தது அது; அதையும் பொம்மைக்குள் வைத்திருந்தார்கள். அருள்பிரகாசம் கருவியைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னால முடில, ரோசி. உன் குரலாண்ட போயி எப்டி ஸ்க்ரூட்ரைவர் வெக்கறது? நீ வேற முயிச்சிகினு ஒக்காந்துகீற எதுர்ல."

அச்சமயம் எதிர்வீட்டுச் சொக்கம்மாள் வாசலில் வந்து நின்றாள். ரோசியிடம் நெடுநாள் தோழமை கொண்டவள். அன்று உள்ளே வரவில்லை.

"ரோசி, எம்புள்ள கக்கூசுக்குக்கூட அத்த இட்டுகினு போவுது. ஒடம்பு அனலா கொதிக்குது. உன்னாண்ட ஒண்ணு கேக்கறேன். ஒண்ணு, மூணாந்தரத்த சொல்லித் தொல. இல்லாங்காட்டி வாய மூடு. நடுவுல நின்னுகினு புள்ளைங்க உசுர எடுக்காத."

"நான் சொல்லலக்கா, அந்த பொம்ம…"

"யார் குரலு அது?" என்று கேட்டுவிட்டுச் சொக்கம்மாள் போய்விட்டாள்.

மறுநாள் கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. கிறிஸ்துமஸ் பகுதியின் முடிவில் சிறு மாற்றம் உள்ளது, வந்து பேசித் தரவேண்டும் என்றான் டில்லிபாபு. கேட்பதற்கு ரோசியிடமும் ஒன்று இருந்தது. ஏலம் முடிந்ததும் நேரே சாத்தாங்காட்டுக்குச் சென்றாள்.

குறுநாற்காலிகள் வந்திருந்தன. அதிகாரிகள் குழந்தையாக இருந்து முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு, அமராமலே சொன்னாள்.

"சார், அந்தப் பொம்மைங்கள திருப்பி எட்துக்கங்க. எங்க தெருவுல புள்ளைங்க சோறு துன்னல. ஜுரத்துல கெடக்குதுங்க. எம்பொண்ணு பரீட்சைக்குப் போவல. எது நான், எது பொம்மன்னு அதுக்குத் தெர்ல."

பாஸ்கர் எழ முயன்று, நாற்காலியை நினைத்து அமர்ந்துவிட்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது. கார்குழலியைப் பார்த்தார்.

"வாழ்நிலைச் சோதனையில இவ்வளவு நல்ல முடிவை நாங்க எதிர்பார்க்கல மேடம்," என்றார் கார்குழலி. "பாருங்க, குழந்தை சந்தோஷமா இருந்தா விளையாடப் போயிடும், பொம்மையைக் கீழே போட்டுடும். பயந்துச்சுன்னா கையிலேயே வெச்சுக்கும். எங்க துறையில இதுக்குப் பேரு பாசம். பெத்தவங்களுக்குக்கூட கிடைக்காத பாசம் இது. நீங்க பெருமைப்படணும்."

"ஜுரம் வந்துகீதுன்னு சொல்றேன்."

"ஜுரத்துலயும் விடலைன்னு குறிச்சிருக்கோம்."

பாஸ்கர் கனிவுடன் விளக்கினார். "பிரச்சினை எங்களுக்குப் புரியுது. குழந்தைங்க ரெண்டாவது தரத்துல தொங்கிட்டு நிக்குதுங்க. எவ்வளவு கஷ்டம்? அதை நாங்களே முடிச்சு வைக்கப்போறோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் இந்தப் பகுதி ஒளிபரப்பாகுது. பேபி சிணுங்கியைத் திருப்பிக் கொடுக்கமாட்டா. விம்மியையும் வாங்கிட்டு வந்துடுவா. அப்போ டீவியில சிணுங்கி 'மூணு தரம்'னு சொல்லும். அதைக் கேட்டதும் எல்லா வீட்டுலயும் இருக்கிற சிணுங்கி 'மூணு தரம்'னு சொல்லிட்டு அடங்கிடும். அப்புறம் பேசாது. விம்மியை வாங்கிப் பக்கத்துல வெச்சாத்தான் மறுபடி பேசும். எந்தக் குழந்தையையும் நாங்க கைவிடமாட்டோம். கடை மூடற நேரத்தைக்கூட அன்னிக்குத் தள்ளி வெச்சிருக்கோம்."

ரோசி டில்லிபாபுவைப் பார்த்தாள். அவன் ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தான்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டில்லி, அந்தப் பொம்மைய திருப்பிக் குட்க்கறதுதானே உன் கதையே?"

"கத அப்டியேதான்கா கீது. முடிவுதான் மாறிச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "இவங்க போய்ட்டா தொடர் நின்னுடும். பேபியே இருக்கமாட்டா. ஒரே ஒரு வரிக்கா. சொல்லிட்டு வா. அப்பால அடுத்த வருஷம் இதவே நல்லா கிண்டல் பண்லாம்."

அவளை ஒலிப்பதிவு அறைக்குள் அனுப்பினர். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் அதிகாரிகளின் தலைகள் மட்டும், மேசையின் விளிம்புக்குமேல், வரிசையாகத் தெரிந்தன. சந்தையில் கம்பி இறங்கிற்று. அனைவரும் காத்திருந்தனர். ஓசை அடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

ரோசி வாய் திறக்கவில்லை.

"சொல்லுங்க மேடம்," என்றது பாஸ்கரின் குரல்.

"யாருக்கு சார்?"

"என்னது?"

"மூணாந்தரம்னா யாருக்குன்னு சொல்லணும். பேர் சொல்லாத மூணாந்தரம் கெடியாது. துறைமுகத்துல அப்டி சொன்னா கூடைய எவனும் தொடமாட்டான்."

கண்ணாடிக்கு அப்பால் சிறு சலசலப்பு ஏற்பட்டது. பாஸ்கரின் முகம் மறுபடியும் மலர்வது தெரிந்தது.

"அருமையான யோசனை மேடம். ஒவ்வொரு குழந்தை பேரையும் பொம்மையே சொல்ற மாதிரி அடுத்த வருஷம் பண்ணிடலாம். கார்குழலி, குறிச்சுக்கோங்க. இப்போதைக்குப் பொதுவாவே சொல்லிடுங்க. யாருக்குன்னு தெரியாம இருந்தாத்தான் எல்லாக் குழந்தையும் பயப்படும்."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. ரோசி அதைப் பார்த்தபடி நின்றாள். எதிர்வீட்டுக்குப் போய்விடும் என்று அஞ்சி வாசலில் அமர்ந்திருந்த குழந்தைகளை எண்ணினாள். அவர்கள் அஞ்சுவது மூன்றாம் தரத்துக்கு அன்று. அது எவர் பெயருக்கு விழும் என்பதற்கே. அவர்களிடம் இதுவரை எவரும் ஒரு பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் வாய் மூடியிருந்தாள்.

"நான் சொல்லமாட்டேன் சார்," என்றாள்.

பாஸ்கர் கோபங்கொள்ளவில்லை. கார்குழலியே ஒலிவாங்கியின் அருகே வந்து, வருத்தம் தோய்ந்த குரலில் பேசினார். "நீங்க சொல்லாட்டியும் ஒண்ணும் நின்னுடாது மேடம். உங்க குரல் முழுசா எங்ககிட்ட இருக்கு. கம்ப்யூட்டர் சொல்லிடும். மனுஷங்களை மதிக்கிற கம்பெனிங்கறதாலதான் உங்களைக் கூப்பிட்டுக் கேக்கறோம்."

"சொல்லட்டும்மா," என்றாள் ரோசி.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கதவைத் திறந்து வெளியே வந்தாள். அதிகாரிகள் தாழ்ந்த நாற்காலிகளிலிருந்து அவளை அண்ணாந்து பார்த்தனர்.

"அது சொல்றதுக்கு முன்னால நான் வூட்டுக்குப் போறேன். எம்பொண்ணு மொகத்தப் பார்த்து, மூணு தரம், ஷைனிக்குன்னு சொல்லிட்றேன். அப்பால சொக்கம்மா வூடு. அப்பால எந்தெந்த வூட்ல அது கீதோ, அங்கல்லாம் போயி அந்தந்தப் புள்ள பேருக்கு வுட்டுட்டு வந்துட்றேன். ஏலம் முடிஞ்ச பொருள யாரும் வந்து கேக்க முடியாது."

பாஸ்கர் கைகளை நாற்காலியின் இருபுறமும் ஊன்றியிருந்தார்.

வாசலில் செருப்பை மாட்டியபின் அவள் டில்லிபாபுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேபிக்கு வேற ஆளப் பார்த்துக்க, டில்லி. நான் இனிமே வர்ல."